உள்ளான் வந்தாச்சு... சிறகி எப்போ?

செப்டம்பர் பிறந்தால் போதும், என் இன்ஸ்டாகிராம் முழுக்கச் சிவப்பு இலைகள்தான். கனடாவுக்குப் படிக்கப் போன தோழிகள் மேப்பிள் மரத்தடியில் நின்று ரீல்ஸ் போடுவார்கள். நமக்கு அந்த இலையுதிர்காலம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஆறு பெரும்பொழுதுகள் படித்தோமே, அதில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். எங்கள் மதுராந்தகம் பக்கம் அப்போது இலை உதிராது. வரப்பு, ஏரிக்கரை என்று எல்லாம் பச்சை கட்டும்.

ஆனால், கூதிரும் சொல்லாமல் வராது. புரட்டாசியிலேயே தகவல் அனுப்ப ஆரம்பித்துவிடும். அதைப் படிக்கத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான், என் தாத்தா. வயது 78.

நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவள். அக்டோபர் என்றால் எங்களுக்கு வானிலை அப்டேட்தான் சோறு. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் தேதி அக்டோபர் 20 என்பது மனப்பாடம். தாத்தாவுக்கு அந்தத் தேதியெல்லாம் தெரியாது. ஆடியிலிருந்து அடித்த மேல்காற்று ஓய வேண்டும். பிறகு சில நாள் இலை அசையாமல் புழுங்க வேண்டும். வயலுக்கு மேலே தட்டான்கள் கூட்டமாகத் தாழப் பறக்க வேண்டும். கரண்ட் கம்பியில் தகைவிலான் குருவிகள் வரிசையாக உட்கார வேண்டும். ஏரிச் சேற்றில் உள்ளான் வாலை ஆட்டிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு சாயங்காலம் திடீரென்று முதுகில் சில்லென்று வாடை படும். "திரும்பிடுச்சு" என்பார். அவ்வளவுதான் அவருடைய வானிலை அறிக்கை.

இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்பதை எங்கள் வீட்டில் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். தாத்தா வேட்டைக்காரர். புலி, சிறுத்தை என்று நினைத்துவிடாதீர்கள். ஏரி வாத்து, உள்ளான், கொக்கு. துப்பாக்கி கிடையாது, வலையும் கண்ணியும்தான்.

வாத்து தண்ணீரில் இறங்கும்போது காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், விமானம் மாதிரி. வாடை அடிக்கும் இரவில் அது தென்மேற்குப் பக்கமிருந்து தாழ்ந்து வரும். வலையை அந்த வழியில் குறுக்கே கட்ட வேண்டும். நிலா இருந்தால் வலை தெரிந்துவிடும், அதனால் அமாவாசையை ஒட்டிய நாட்கள். காற்றுத் திசையைத் தப்பாகக் கணித்தால் விடிய விடியக் கொசுக்கடிதான் மிச்சம். நான் ஆப்பில் பார்க்கும் திசையை அவர் முதுகில் உணர்வது இப்படிப் பழகியதுதான்.

"ஆசைக்கா புடிச்சோம்?" என்று ஒருமுறை கேட்டார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூலி வேலை இருக்காது. சம்பா அறுப்பு தை மாதம்தான். குதிரில் போன வருட நெல் தீர்ந்திருக்கும். அந்த இரண்டு மாத இடைவெளியில்தான் வானத்திலிருந்து கறி இறங்கியது. நாலு சிறகி கிடைத்தால் இரண்டு வீட்டுக்கு, இரண்டு பக்கத்து வீட்டுக்கு. அவர் பருவத்துக்காகக் காத்திருந்தது பசியோடு.

இந்தக் கதையில் பெரிய வேடிக்கை, எங்கள் ஊரிலிருந்து வேடந்தாங்கல் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். பெயரிலேயே வேடர் இருக்கிறார். ஆனால், பறவையைச் சுடக் கூடாது என்று முதலில் சண்டை போட்டவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதும் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள் என்றும், 1798-ல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள் என்றும் சொல்வார்கள். அதில் கருணை மட்டும் இல்லை, கணக்கும் இருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம்.

அந்தச் சரணாலயம் சுமார் 30 ஹெக்டேர்தான். அத்தனை ஆயிரம் பறவைகளுக்கும் அங்கேயே இரை கிடைக்குமா? கூடு அங்கே, மேய்ச்சல் சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும். அதாவது, அந்த ஊர் காப்பாற்றிய பறவை எங்கள் ஏரிக்கு இரை தேடி வந்து, தாத்தா வலையில் விழுந்திருக்கும். இதைச் சொன்னால் தாத்தா சிரிக்க மாட்டார், பேச்சை மாற்றிவிடுவார்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. சட்டத்துக்குப் பயந்து விட்டாயா என்று கேட்டேன். "அத யாரு வந்து சொன்னா? ரேஷன்ல அரிசி போட்டான். மோட்டார் வந்துச்சு, ரெண்டு போகம் வெளஞ்சுது. அப்புறம் ராத்திரி யாரு போயி சேத்துல நிப்பா?" வலை பரணுக்குப் போனது. போன வருடம் வெள்ளையடிக்கும்போது எடுத்துப் பார்த்தோம். பாதியை எலி தின்றிருந்தது.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் எங்கள் டெஸ்க்குக்கு ஒரு செய்தி தவறாமல் வரும். நீர்ப்பறவைகளைப் பிடித்து பைக்கில் கட்டி விற்றவர்கள் கைது. தலைப்பு வைப்பது பெரும்பாலும் நான்தான். சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று கடைசி பாராவில் சேர்ப்பேன். தாத்தா நினைவுக்கு வருவார்தான். ஆனால், வாங்குகிறவர்கள் பசியில் வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சைட் டிஷ்ஷுக்காக வாங்குகிறார்கள். மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வந்த ஒரு சிறகி, எண்ணெய்ச் சட்டியில் முடிவதை என்னால் தாத்தாவின் கதையோடு சேர்க்க முடியவில்லை.

எனக்குக் கவலை வேறு. தாத்தாவுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. போன வாரம் எங்கள் ஆபீஸ் வாசலில் வாலை ஆட்டியபடி ஒரு குருவி நடந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். "வாலாட்டி. வந்துட்டானா? அப்ப உள்ளானும் வந்திருப்பான், ஏரிக்கரைக்குப் போய்ப் பாக்குறேன்" என்றார். சாயங்காலமே போன். உள்ளான் வந்தாச்சு. குரலில் எட்டு வயதுப் பையனின் துள்ளல். வலை இல்லை, கறி இல்லை, ஆனாலும் சீசன் தொடங்கிவிட்டது அவருக்கு.

அவர் காத்திருப்பது இனி சிறகிக்கு. அது வருவது கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் தெரியுமாம். நள்ளிரவில் ஓட்டு வீட்டுக்கு மேலே விர்ரென்று இறக்கைச் சத்தம் போகும். கூட்டம் பெரிதா சிறிதா, இறங்குகிறதா தாண்டிப் போகிறதா, எல்லாம் அதை வைத்தே சொல்வார். போன வருடம் மட்டும் சொல்லவில்லை. காலையில் ஏரியில் பார்த்த பிறகுதான் வந்ததே தெரிந்தது. இரண்டு வருடமாகக் காது மந்தம். மெஷின் வாங்கிக் கொடுத்தோம், தூங்கும்போது கழற்றி வைத்துவிடுவார்.

ஐப்பசி அமாவாசைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். இந்த முறை நானும் திண்ணையில் படுத்து அந்தச் சத்தத்தைக் கேட்கப் போகிறேன். நேற்று இரவு அவரே கூப்பிட்டார்.

"பாப்பா, வர்றப்ப காது மெஷினுக்குப் பேட்டரி ரெண்டு அட்டை வாங்கிட்டு வா. இந்தத் தடவ கழட்டாம படுக்கப் போறேன்."