கண்ணுக்குத் தெரியாத ஸிம்

நகமளவு ஸிம் கார்டைத் தேடிக் கட்டிலடியில் தவழ்ந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இ-ஸிம் தொலையாது; போனுக்குள்ளேயே பதிந்த சில்லு அது. *#06# அழுத்திப் பாருங்கள். இ.ஐ.டி. என்று 32 இலக்க எண் தெரிந்தால், அநேகமாக உங்கள் போனுக்கும் அந்தப் பாக்கியம் உண்டு.

பெண்ணின் பிரசவத்துக்காக அமெரிக்கா புறப்படுமுன், கம்பெனி அனுப்பிய க்யூ.ஆர். படத்தைக் காமிராவில் காட்டி, வீட்டு வைபையிலேயே இறக்கிக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காரருக்கு எதையும் துடைத்து வைக்கும் குணம். "சரியாக இருக்கிறதே, அழித்துவிட்டு அங்கே போய்ப் போட்டுக்கொள்ளேன்" என்றார். நல்ல வேளை, போனைப் பிடுங்கிக்கொண்டேன்! பெரும்பாலும் ஒரு படம் ஒரு தடவைதான் பலிக்கும்.

விமானம் தரை தொட்டதும் இ-ஸிம்மை முடுக்கினேன். மாப்பிள்ளையின் வாட்ஸாப் செய்தி வந்து விழுந்தது: "அத்தை, வலி எடுத்துவிட்டது. டாக்ஸி பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்." வீட்டுக்குப் போயிருந்தால் பூட்டைத்தான் பார்த்திருப்பேன்.

பயண இ-ஸிம் பலவற்றில் இண்டர்நெட் மட்டுந்தான். பேச நம்பர் கிடையாது. வாட்ஸாப்புக்குப் பழைய நம்பரே போதும். பாங்கின் ஓ.டி.பி.யும் அதற்கே வரும். ஆகவே நம் ஊர் ஸிம்மைக் கழற்றாதீர்கள்; ரோமிங் வசதி வாங்கிக்கொண்டு, அதன் டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் வருகிற பில்லில், பேத்தி பிறந்த சந்தோஷம் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு மாதங்கூட நிற்காது!