உதடுதான் சீவாளி

நாகஸ்வரக்காரருக்குக் கச்சேரி நடுவே சீவாளி சண்டித்தனம் செய்தால், வாத்தியத்தில் தொங்கும் கொத்திலிருந்து இன்னொன்றை எடுத்துச் செருகிக்கொள்வார். ட்ரம்பெட்காரருக்கு அந்த வசதி கிடையாது. அவருக்கு உதடுதான் சீவாளி. அது போனால் போனதுதான்.

வெளியிலிருந்து பார்க்க ட்ரம்பெட் ரொம்ப சாது. கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் பித்தளைக் குழாய், சுருட்டி மூன்று வால்வு வைத்தது. ஒரு வால்வையும் தொடாமலே ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், அதற்கும் மேலே காந்தாரம் என்று ஏறிக்கொண்டே போகலாம். எந்த ஸ்வரம் பேச வேண்டும் என்பது உதட்டின் இறுக்கத்திலும் மூச்சிலும் இருக்கிறது. உதடு களைத்துவிட்டால் வாத்தியத்தை வாயோடு வைத்து அழுத்தத் தோன்றும். பல்லுக்கும் பித்தளைக்கும் நடுவில் சதை நசுங்கும்.

லூயி ஆர்ம்ஸ்ட்ராங் நசுக்கிக்கொண்டார். 1928-இல் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' ரெக்கார்டின் தொடக்கத்தில் துணைக்கு யாருமில்லாமல் தனியாக ஊதுவார். கால் நிமிடம்கூட வராது. அதற்குள் ஜாஸ் எங்கே போகப்போகிறது என்று தெரிந்துவிடும். பிறகு இரவுக்கு இரவு மேல் ஸ்தாயி, கூட்டத்தின் ஆரவாரம், இன்னும் மேலே. முப்பதுகளில் உதடு கிழிந்து, மாதக்கணக்கில் ஊதாமல் இருக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் மருத்துவர்கள் உதட்டுத் தசைக் கிழிசலுக்கு அவருடைய செல்லப்பெயரையே சூட்டி 'சாட்ச்மோ சிண்ட்ரோம்' என்றார்கள். விருது என்றே வைத்துக்கொள்ளலாம்.

டிஸ்ஸி கில்லெஸ்பி கன்னத்தைத் தவளைபோல உப்பிக்கொண்டு ஊதுவார். எந்த வாத்தியாரும் அடித்துத் திருத்துகிற பழக்கம். அவர் அப்படி ஊதித்தான் பீபாப் என்ற ஜாஸ் பாணியே பிறந்தது என்பதால் வாத்தியார்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

மைல்ஸ் டேவிஸ் வேறு ரகம். உச்சிக்கு ஏறும் பந்தயத்தில் மற்றவர்களோடு மல்லுக்கட்டவில்லை. நடு ஸ்தாயியில் நின்று, ஹார்மன் மியூட் என்ற ஒலியடக்கியை அதன் தண்டைக் கழற்றிவிட்டு மாட்டி, மைக்கை ஒட்டி ஊதினார். 1959-இல் வந்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தட்டில் 'ப்ளூ இன் க்ரீன்' கேளுங்கள். ஊதாமல் விட்ட இடங்களும் வாசிப்பில் சேர்ந்திருக்கும். நம் ஊர் கல்யாண பேண்டு செட்டில் ட்ரம்பெட்டைக் கேட்டே வளர்ந்தவனுக்கு, இந்த வாத்தியம் காதோரம் பேசும் என்று நம்பவே நாளாகும்.

என் கட்சி சேட் பேக்கர். ஐம்பதுகளில் சினிமா நடிகர் மாதிரி முகம், தேன் மாதிரி தொனி. ஹெராயின் பிடித்துக்கொண்டது. 1966-இல் கலிஃபோர்னியாவில் அடி வாங்கினார், பல் போயிற்று. ட்ரம்பெட்காரருக்கு முன்பல் என்பது உதட்டுக்குப் பின்னாலிருக்கும் சுவர். பொய்ப்பல் கட்டிக்கொண்டு, சத்தம் எழுப்புவதையே முதலிலிருந்து கற்றார். எழுபதுகளில் திரும்பி வந்தபோது நியூயார்க்கில் கச்சேரி கிடைக்கப் பரிந்து பேசியவர் கில்லெஸ்பி.

திரும்பி வந்தவருக்கு வேகம் குறைந்திருந்தது. ஸ்வரத்துக்கு முன்னால் கொஞ்சம் காற்று வரும்; சில இடங்களில் விளிம்பு உதிரும். அதைப் பழுது என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போனதில்லை. 1983-இல் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோ தன் 'ஷிப்பில்டிங்' பாட்டுக்கு அவரை அழைத்து ஊதவைத்தார். பாட்டின் கதை இது: ஃபாக்லாந்து யுத்தத்தால் கப்பல் கட்டும் ஊருக்கு வேலை வருகிறது. அதே ஊர்ப் பிள்ளைகள் அந்தக் கப்பலில் போய்ச் சாவார்கள். அந்தப் பாட்டுக்குப் பளபளப்பான ட்ரம்பெட் ஒட்டவே ஒட்டாது. பேக்கரின் இளமைக்கால ரெக்கார்டுகளைத்தான் வாங்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்வார். வாங்குங்கள், நல்லவைதான். முதலில் இந்த 'ஷிப்பில்டிங்' பாட்டைக் கேட்டுவிட்டுப் போங்கள்.