கோணமலைச் சரிவில் நின்ற வண்டி

திருக்கோணமலைக்குச் செல்வோர் கோணேசப் பெருமானைத் தரிசிப்பர். கன்னியா வெந்நீரூற்றில் நீராடுவர். துறைமுகத்தின் எழிலைக் கண்டு வியப்பர். எண்பது வயதான என் தாயாரை அழைத்துக்கொண்டு நானும் அந்த எண்ணத்துடனேயே புறப்பட்டேன். ஆனால் அவ்வூரை எனக்கு உள்ளபடி காட்டியது ஒரு மோட்டார் வண்டியின் கியர்பெட்டி என்று சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக வந்து, மாலைப் பூசைக்குச் சற்று முன்பாகப் பிரெட்ரிக் கோட்டை வாயிலுள் நுழைந்தோம். போர்த்துக்கேயர் 1624ஆம் ஆண்டில் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே எழுப்பிய கோட்டை இது. இதனூடாகத்தான் இன்றும் கோயிலுக்குப் பாதை செல்கிறது. மரநிழலில் புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்ந்துகொண்டிருந்தன. அம்மா அவற்றை எண்ணத் தொடங்கினார். பாதை மேலேறும் இடத்தில் எஞ்சின் திடீரெனப் பெரிதாக இரைந்தது, வண்டியோ நகரவில்லை. மிதிக்க மிதிக்க இரைச்சல் மிகுந்ததேயன்றிச் சக்கரம் சுழலவில்லை. பின்னோக்கி வழுகத் தொடங்கிய வண்டியைக் கைப்பிரேக் இட்டு நிறுத்தினேன். கருகிய நாற்றம் மூக்கில் ஏறியது.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. எஞ்சினில் குறையில்லை, பெற்றோல் இருக்கிறது, சக்கரங்களும் நன்றாயிருக்கின்றன. ஆயினும் வண்டி வெறும் இரும்புக் குவியலாய் நின்றது. அப்போது எனக்கு ஏற்பட்ட ஆத்திரத்துக்கு அளவில்லை. யார்மீது ஆத்திரப்படுவது என்பதுதான் தெரியவில்லை.

முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் அம்மாவை ஏற்றிக்கொண்டு கோயில் வாயிலில் இறக்கிவிட்டு வந்தார். பணம் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். அதற்குள் இளைஞர் சிலர் கயிற்றுடன் கூடிவிட்டனர். லொறியொன்றில் கட்டி இழுத்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். முச்சக்கரவண்டிக்காரர் தொலைபேசியில் அழைத்த கிண்ணியா மெக்கானிக் அவ்வேளையில் வந்து சேர்ந்தார். வந்தவர் கையை உயர்த்தி, "கயிறு போட்டு இழுக்காதீங்க மாஸ்டர். இருக்கிறதும் போயிரும்" என்றார்.

"ஏன் நானா?" என்று கேட்டேன்.

அவர் தந்த விளக்கத்தை என் மாணவருக்குச் சொல்வதுபோல் இங்கே சுருக்கிச் சொல்கிறேன். தானியங்கிக் கியர்பெட்டியில் எஞ்சினுக்கும் பற்சக்கரங்களுக்கும் இடையே தூது செல்வது எண்ணெய். எஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்றுகிறது. அது வீசும் எண்ணெய் எதிரேயுள்ள மற்றொரு விசிறியைச் சுழற்றுகிறது. எந்தக் கியர் எப்போது இணைய வேண்டும் என்பதை நிறைவேற்றுவதும் அவ்வெண்ணெயின் அழுத்தமே. சூட்டினால் எண்ணெய் கெட்டால் கிளச் தகடுகள் வழுக்கும். வழுக்கினால் மேலும் சூடேறும். எஞ்சின் ஓடாதபோது எண்ணெயைச் செலுத்தும் பம்பியும் ஓடாது. அந்நிலையில், எஞ்சின் இயக்கும் சக்கரங்கள் தரையில் உருள வண்டியை இழுத்தால், எண்ணெயோட்டமின்றியே உட்பாகங்கள் தேய்ந்து அழியும். எனவே அச்சக்கரங்களைத் தூக்கியோ, முழு வண்டியையும் லொறியில் ஏற்றியோதான் கொண்டுசெல்ல வேண்டும்.

அளவுகோலை உருவி வெள்ளைத் துணியில் ஒற்றிக் காட்டினார். செந்நிறமாய் இருக்க வேண்டிய எண்ணெய் கரிபோல் கறுத்திருந்தது. "எப்ப மாத்தினது?" என்றார். அது ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையற்ற எண்ணெய் என்று விற்றவர் சொன்னதைச் சொன்னேன். "யாருடைய ஆயுள் மாஸ்டர்?" என்றார் அவர். பெரும்பாலான வண்டிகளுக்கு நாற்பதாயிரம் முதல் எண்பதாயிரம் கிலோமீற்றருக்குள் இதனை மாற்றுவது நன்று என்பதை அன்றே அறிந்தேன்.

நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில் பழைய வண்டிகள் பொன்விலை பெற்றன. நான் கடன்பட்டு வாங்கியதும் அக்காலத்திலேயே. எத்தனை கைமாறியது, எவர் எப்போது எண்ணெய் மாற்றினார் என்ற குறிப்பு எதுவும் அதனுடன் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

வண்டியை லொறியில் ஏற்றிக் கிண்ணியா வீதியில் கொண்டுபோனோம். வழியில் சீனன்குடாவைக் கடக்கையில், பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் நினைவுக்கு வந்தன. காட்டினுள் தொண்ணூற்றொன்பது தாங்கிகள் இன்றும் நிற்கின்றன. எண்ணெய்க்குப் பெயர்போன ஊரில், சில லீற்றர் நல்ல எண்ணெய் இல்லாமையால் என் வண்டி படுத்துவிட்டது!

பாவித்த கியர்பெட்டி ஒன்று கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வர மூன்று நாள் ஆயிற்று. விலை என் இரண்டு மாதச் சம்பளம். மறுநாட் காலை உட்துறைமுக வீதியில் தனியே நடந்தேன். மலைகள் காவல் நிற்க, குளம்போல் அமைதியாய்க் கிடந்தது அந்த ஆழ்ந்த துறைமுகம். 1944 ஓகஸ்ட் 8ஆம் நாள் இங்கேதான் பிரித்தானியரின் மிதக்கும் கப்பல்தளம் ஒன்று, வேலியன்ட் என்னும் பெரும் போர்க்கப்பலைத் தாங்கியிருக்கையில் முறிந்து அமிழ்ந்தது. கப்பல் மூழ்கவில்லை, ஆனால் அதன் உட்புறச் சுழல்விசிறிகள் இரண்டும் சுக்கான் ஒன்றும் இறுகிவிட்டன. பீரங்கிகள் இருந்தும் பயனில்லை. பின்னர் சூயஸ் அருகே அவ்விசிறித் தண்டுகளை வெட்டியகற்றிவிட்டுத் தாயகம் திரும்பிய அக்கப்பல் மீண்டும் போர்முனை காணவில்லை. வலிமை இருப்பது வேறு, அவ்வலிமை சேரவேண்டிய இடத்தைச் சேர்வது வேறு என்பதை அந்த நீர்ப்பரப்பின் முன் நின்று எண்ணிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அம்மாவுடன் கன்னியாவுக்குப் பஸ்ஸில் சென்றேன். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்று ஐதிகம் கூறும் ஏழு கிணறுகளிலும் வெவ்வேறு வெம்மை. ஒவ்வொன்றிலும் வாளிநீர் அள்ளி அம்மாவின் முழங்கால்களில் ஊற்றினேன். வண்டியை விற்றவரை நான் மீண்டும் ஒருமுறை குறைகூறத் தொடங்கியபோது அவர் மெல்லச் சொன்னார்:

"ரண்டு மாசமா அது முனகிக்கொண்டுதானே இருந்தது தம்பி. எனக்கே கேட்டது. நீ படிச்சனி, தெரிஞ்சிருக்கும் எண்டு பேசாமல் இருந்தனான்."

நான் வாளியைக் கீழே வைத்தேன். உண்மைதான். கியர் விழும்போது ஒரு தயக்கம், பின் ஒரு குலுக்கல், ஏற்றத்தில் வீண் இரைச்சல் என எல்லாம் நானும் அறிந்தவையே. வானொலியின் ஒலியைச் சற்றுக் கூட்டிவைத்ததுதான் நான் செய்த பரிகாரம்.

"உங்கடை முழங்கால் எவ்வளவு காலமா நோகுது அம்மா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்ல நேரமெடுத்தது. நான் காத்திருந்தேன்.