தட்டறது யாரு?

பொட்டி தட்டறவனுக்கு டிரக்கு இன்ஜின்ல என்ன வேலைன்னு கேக்காதீங்க மக்களே. இங்க டல்லாஸ்ல என் கூட வேலை பாக்கற அமெரிக்க நண்பர்கிட்ட 2003 மாடல் செவ்ரோலே சில்வராடோ எஸ்எஸ் இருக்கு. 6 லிட்டர் வி8. வாங்கும்போதே 345 குதிரைசக்தி. அது பத்தாதுன்னு மனுஷன் சூப்பர்சார்ஜர் மாட்டி, எக்ஸாஸ்டுக்கு நீளமான ஹெடரும் போட்டுட்டார். டைனோல ஏத்தி டியூன் பண்றப்போ, லாக் படிக்க என்னைக் கூப்பிட்டார். நமக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் அதுதானே :-)

முழுசா மிதிச்சா 3,500 ஆர்பிஎம் பக்கத்துல 'நாக் ரிடார்ட்' 5 டிகிரி காட்டுது. அதாவது டியூன்ல ஸ்பார்க் 18 டிகிரி முன்னாடின்னு எழுதியிருக்கு, கம்ப்யூட்டர் பயந்துபோய் 13 தான் தருது.

நாக்னா என்ன? ஸ்பார்க் பத்தவச்ச தீ ஒரு ஓரத்துல இருந்து பரவிட்டு வரணும். அது வந்து சேர்றதுக்குள்ள மறு ஓரத்துல மிச்சமிருக்கற பெட்ரோல்-காத்துக் கலவை, சூட்டுலயும் அழுத்தத்துலயும் தானாவே வெடிச்சா அதுதான் நாக். அந்த அதிர்வலை பிஸ்டன் மேல போய் மோதும். தொடர்ந்து நடந்தா ரிங் உக்கார்ற விளிம்பு உடையும்; அப்புறம் இன்ஜினையே பிரிக்கணும்.

நண்பர் உடனே தீர்ப்பு சொல்லிட்டார். "இது பொய் நாக். ஹெடர் ஃபிரேம்ல இடிக்குது. சென்சார் சென்சிடிவிட்டியைக் குறைச்சுடு."

அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நாக் சென்சார்ங்கறது இன்ஜின் பிளாக்ல முறுக்கி வச்ச ஒரு காது, அவ்வளவுதான். இந்த வண்டியில இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில ரெண்டு இருக்கு. 4 இன்ச் சிலிண்டர்ல நாக் வந்தா ஏறக்குறைய 6 கிலோஹெர்ட்ஸ்ல ஒலிக்கும். இரும்பும் இரும்பும் இடிச்சாலும் அதே சத்தம் வரலாம். தட்டறது யாருன்னு காதுக்குத் தெரியாது.

ஆனா ஃபெயில் ஆகுற டெஸ்டை கமெண்ட் அவுட் பண்ணிட்டு ரிலீஸ் பண்ற கதைதான் இது. நிஜ நாக்கா இருந்தா, இன்ஜினுக்கு இருக்கற ஒரே காவலாளி காதுல பஞ்சை வச்ச மாதிரி. மூணே மூணு டெஸ்ட் பண்ணிடலாம், ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்துவோம்னு சொன்னேன்.

முதல் டெஸ்ட்: நியூட்ரல்ல வச்சு ரேஸ் பண்றது. லோடு இல்லாம நிஜ நாக் வர வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஆனா 3,500ல 1 டிகிரி வந்துச்சு. "பாத்தியா!"ன்னு குதிச்சார் நண்பர்.

ரெண்டாவது: டைனோல மறுபடி முழுசா மிதி, டியூன்ல டைமிங்கை மட்டும் 4 டிகிரி குறைச்சாச்சு. ஹெடர் இடிக்கறதுக்கு ஸ்பார்க் எப்ப வருதுங்கறது பத்திக் கவலையே இல்ல. பொய் நாக்னா 5 அப்படியே நிக்கணும். நிக்கல. 1 ஆயிடுச்சு.

மூணாவது: டைமிங்கைப் பழையபடி வச்சுட்டு, பங்க்ல போடற 93 ஆக்டேனுக்குப் பதிலா 100 ஆக்டேன் ரேஸ் பெட்ரோல். மறுபடியும் அதே 1. (அமெரிக்க பங்க்ல எழுதியிருக்கற 87, நம்மூர் கணக்குல கிட்டத்தட்ட 91. குழப்பிக்காதீங்க.)

ஆக, 1 பொய், 4 நிஜம்!

பிளக்கைக் கழட்டிப் பாத்தோம். ஒண்ணோட வெள்ளைப் பீங்கான்ல மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள். நடுவுல ரெண்டு மூணு மினுமினுன்னு இருந்துச்சு. அது அலுமினியம். பிஸ்டனும் அலுமினியம்தான். நண்பர் அதுக்கப்புறம் சென்சார் பேச்சையே எடுக்கல.

காரணமும் லாக்லயே இருந்துச்சு. இன்ஜின் ஆறினப்புறம் ஓட்டினா 2 டிகிரி, அடுத்தடுத்து மூணு தடவை ஓட்டினா 5. சூப்பர்சார்ஜர் காத்தை அமுக்கும்போது சூடேறுது. டெக்சாஸ் வெயில் வேற. காத்து சூடானா டைமிங்கைக் குறைக்கச் சொல்ற டேபிள்ல எல்லாமே கிட்டத்தட்ட பூஜ்யம்.

டேபிளைச் சரி பண்ணி, அந்த ஆர்பிஎம்ல 4 டிகிரி எடுத்தோம். ஹெடருக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விட்டதும் மிச்ச 1 டிகிரியும் போயிடுச்சு. பவர் குறையும்னு பயந்தார். டைனோ ஷீட்ல பெரிய வித்தியாசமே இல்ல. எப்படி இருக்கும்? கம்ப்யூட்டர் அந்த டிகிரியை அவருக்குக் கொடுத்ததே இல்லையே.

அபாய மணி பொய்யா அடிக்குதா, நிஜமா அடிக்குதான்னு ரெண்டுல ஒண்ணைத் தேடறோம். ரெண்டும் ஒண்ணாவே அடிக்கும். பிரிச்சுப் பாத்துட்டு அப்புறம் ஒயரைப் புடுங்குங்க.