மூடி இல்லாத தட்டு

ஆடி பிறந்தால் பொள்ளாச்சியில் என் பாக்கு மட்டைத் தட்டுப் பட்டறையின் ஐந்து அச்சுகளில் இரண்டுதான் ஓடும். முகூர்த்தம் இல்லாத மாதம். சும்மா இருக்கும் நேரத்தில் ஆவணிக்கு வேண்டியதை அடித்து அடுக்கி வைக்கலாமே என்று தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். அப்படி அடுக்கினால் சாரல் காற்றில் தட்டு சீக்கிரமே பூசணம் பிடித்துவிடும். தை முதல் சித்திரை வரை வெயில் காலத்தில் தோப்புகளில் பொறுக்கிய மட்டையைக் காயவைத்து, நனையாமல் காத்து, தேவைக்கேற்ப அடிக்க வேண்டும். விற்பனை எந்த மாதம் கூடும் என்பதை முன்கூட்டியே கணிக்காதவருக்கு இந்தத் தொழில் கைகூடாது.

மட்டையை யாரும் வெட்டுவதில்லை. ஒரு மரம் ஆண்டுக்கு ஐந்தாறு மட்டைகளைத் தானாக உதிர்க்கும். அதைக் கழுவி, ஊறவைத்து, நீர் வடியவிட்டு, சூடான அச்சுக்குள் வைத்து அழுத்தினால் ஓரங்களில் ஆவி சீறிக்கொண்டு வரும். அந்தச் சத்தம் அடங்கும் வரை அழுத்தத்தை விடக் கூடாது. ஈரம் மிஞ்சியிருந்தால் தட்டு இரண்டு நாளில் வளைந்துவிடும். குறைந்திருந்தால் அச்சுக்குள்ளேயே விரிசல் விடும். எந்த மட்டை எவ்வளவு ஊற வேண்டும் என்று எங்களிடம் வேலை செய்யும் அக்காமார்கள் விரலால் மடக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். நான் கற்ற பாதித் தொழில் அவர்களிடம் கற்றதுதான்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் எல்லாம் அதில் அடக்கம். அந்த ஆண்டு அக்டோபரில் இலைத் தட்டுகளுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டியும் நீங்கியது. தடை வந்த புதிதில் போன் ஓயவே இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சரி என்றேன். அவசரத்தில் சரியாகக் காயாத சரக்கைக் கட்டி ஒரு கல்யாணத்துக்கு அனுப்பினேன். பந்திக்கு முன் கட்டைப் பிரித்தால் தட்டெல்லாம் கறுப்புப் புள்ளி. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தச் சமையல்காரர் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை. தடை ஆர்டரைக் கொண்டுவரும். சாப்பிட வந்தவர் கையில் ஏந்தும்போது தட்டு சரியாக இருந்தால்தான் அந்த ஆர்டர் மறுபடி வரும்.

உட்கார்ந்து சாப்பிடும் பந்தியில் வாழை இலைதான். அங்கே எங்களுக்கு வேலை இல்லை, வேண்டியதும் இல்லை. எங்கள் தட்டுக்குச் சந்தையை உண்டாக்கியது நின்றுகொண்டு சாப்பிடும் பழக்கம். வழக்கமாக வாங்கும் கேட்டரிங் தம்பி ஒருநாள் பத்து இஞ்சுத் தட்டை எடுத்து ஒற்றைக் கையில் பிடித்துக் காட்டினார். "ஏனுங்ணா, ரிசப்ஷன்ல எல்லாரும் பஃபேதான் கேக்கறாங்க. ஒரு கைல புடிச்சா வளையக் கூடாது, குழம்பு ஓரத்துல வழியக் கூடாது. வெல ஒரு ரூவா கூடினாலும் பரவால்லீங்க." அன்றிலிருந்து தடித்த மட்டையை பஃபே தட்டுக்கென்றே தனியாகப் பிரித்து வைக்கிறேன்.

2020-இல் ஊரடங்கு வந்ததும் கல்யாணமும் நின்றது, பந்தியும் நின்றது. ஓட்டல்கள் பார்சலில் பிழைத்தன. ஊரடங்கு முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இன்று பெருகும் சந்தை அதுதான். அங்கே எங்கள் தட்டு நுழைய முடியவில்லை, காரணம் மூடி. சாம்பார் சிந்தாமல் வண்டியில் போக வேண்டுமானால் இறுக மூடும் டப்பா வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் டப்பா அந்த வேலையைச் செய்கிறது. கூழாக்கி வார்க்கும் கரும்புச் சக்கை டப்பாவும் ஓரளவு செய்கிறது. மட்டையைக் கூழாக்குவதில்லை. அதன் நார் போகும் போக்கிலேயே அழுத்துகிறோம். ஆழம் கூட்டினால் நார் பிரிந்துவிடும்.

2025-இல் வேறோர் அடி. பாக்கு மட்டைத் தட்டிலிருந்து இயற்கை நச்சுப் பொருள்கள் உணவில் இறங்கக்கூடும் என்று சொல்லி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இறக்குமதியைத் தடுத்தது. பாக்கில் உள்ள அரிக்கோலின் போன்றவைதான் கவலைக்குக் காரணம். என் சரக்கு ஏஜெண்டு வழியாகக் கொஞ்சம் வெளிநாடு போய்க்கொண்டிருந்தது, அது நின்றுவிட்டது. கொட்டையில் இருப்பது மட்டையில் எவ்வளவு இருக்கிறது, கொதிக்கும் புளிக்குழம்பு ஊற்றினால் எவ்வளவு இறங்குகிறது என்று ஆய்வகத்தில் அளந்து பார்க்க வேண்டும். வெளிநாட்டு ஆர்டருக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தத் தட்டில்தான் என் மகள் கல்யாணத்தில் ஊரே சாப்பிட்டது.

போன வாரம் புது அச்சு ஒன்று வந்தது, ஆழமான கிண்ணம். கோயில் பிரசாதத்துக்கும் சுண்டலுக்கும் கேட்கிறார்கள். முதலில் அடித்த கிண்ணத்தைச் செய்தித்தாள் மேல் வைத்து, சூடான ரசத்தை விளிம்பு வரை ஊற்றினேன். அக்காமார்கள் சுற்றி நின்றார்கள். இருபது நிமிடம் கழித்துத் தூக்கினால், தாளில் கட்டைவிரல் அளவுக்கு ஈரம். அடுத்த மட்டையை இன்னும் கொஞ்ச நேரம் ஊறப் போட்டிருக்கிறோம்.