'அந்த நாள்' யாருடைய வாரிசு?

'அந்த நாள்' படத்தைப் பற்றி யார் பேசினாலும் அடுத்த மூச்சில் 'ரஷோமோன்' வந்துவிடுகிறது. 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ்.பாலசந்தர் இயக்கிய படம் அது. பாட்டு, நடனம், சண்டை எதுவும் கிடையாது. ஒரு சாவு, அதைப் பற்றிப் பலர் சொல்லும் பல கதைகள் என்பதால், அகிரா குரோசவாவின் 1950ஆம் ஆண்டுப் படத்தை அது தழுவியது என்று சொல்லிச் சொல்லியே அதை உண்மையாக்கிவிட்டோம். கமல்ஹாசனின் 'விருமாண்டி'க்கும் இதே முத்திரைதான். இந்த மூன்றையும், 1950இலேயே வெளிவந்த 'தி உமன் இன் கொஸ்டின்' என்ற பிரிட்டிஷ் படத்தையும் ஒரே வார இறுதியில் அடுத்தடுத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க இந்த வம்சாவளி பொருந்தாமல் போயிற்று. 'அந்த நாள்' படத்தின் வேர் எங்கே என்று தேடிப்போனால் குரோசவாவையும் தாண்டி, ஒரு பழைய வழக்குக் கட்டில் போய் நிற்கிறோம்.

முதலில் படங்களையே சாட்சிக்கு அழைக்கலாம். 'ரஷோமோன்' படத்தில் காட்டில் ஒரு சாமுராய் இறந்து கிடக்கிறான். கொள்ளைக்காரன் 'நான்தான் கொன்றேன்' என்கிறான். மனைவி, தன் கையிலிருந்த குத்துவாளால் அது நடந்திருக்க வேண்டும் என்கிறாள். குறி சொல்பவளின் வாய்வழியாக வந்து பேசும் இறந்தவனோ, தன்னைத் தானே குத்திக்கொண்டதாகச் சொல்கிறான். ஆளுக்கு ஆள் பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார்கள். தன்மானத்துக்காகச் சொல்லப்படும் பொய்கள் இவை. 'அந்த நாள்' இதற்கு நேர் எதிர். சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய 1943 அக்டோபரில் ரேடியோ இன்ஜினீயர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். விசாரிக்கப்படும் தம்பி, தம்பி மனைவி, காதலி, அண்டை வீட்டுக்காரர் என ஒவ்வொருவரும் சந்தேகத்தை இன்னொருவர் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். ஒரே சம்பவத்தை மாற்றிமாற்றிச் சொல்வதைவிட, ராஜன் என்ற ஒரே மனிதனின் வேறுவேறு பக்கங்களைத்தான் அவர்களுடைய கதைகள் காட்டுகின்றன. முடிவில் அவையெல்லாம் ஓர் உண்மையில் வந்து சேர்கின்றன. குற்றவாளி யார் என்பதில் நமக்கு ஐயம் மிஞ்சுவதில்லை.

இந்த அமைப்பு ஆந்தனி அஸ்குவித் இயக்கிய 'தி உமன் இன் கொஸ்டின்' படத்தில் அப்படியே இருக்கிறது. குறி சொல்லிப் பிழைக்கும் ஒரு பெண் கொலையாகிறாள். அவளை அறிந்த ஐந்து பேரைப் போலீஸ் விசாரிக்கிறது. ஒருவருக்கு அவள் கண்ணியமான சீமாட்டி, இன்னொருவருக்குக் குடித்துச் சீரழிந்தவள். ஐந்து பேர் நினைவிலும் ஐந்து பெண்கள். ஜீன் கென்ட் அந்த ஐந்து பெண்களாகவும் நடித்திருக்கிறார். விசாரணை கொலையாளியைக் கண்டுபிடித்து முடிகிறது. 'அந்த நாள்' இந்தப் படத்துக்குத்தான் அதிகம் கடன்பட்டது என்று சொல்லும் திரைப்பட வரலாற்றாளர்களும் உண்டு. நான்கு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வதுதான் சரி என்று தோன்றுகிறது. ஆனால் தேடல் இங்கே நின்றுவிடக் கூடாது. 'ரஷோமோன்' 1951இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வென்ற பிறகுதான் ஜப்பானுக்கு வெளியே பரவலாக அறியப்பட்டது. அஸ்குவித்தின் படமோ 1950இலேயே திரைக்கு வந்துவிட்டது. ஒருவர் படத்தை மற்றவர் பார்க்க வாய்ப்பே இல்லாத இரண்டு இயக்குநர்கள் ஒரே ஆண்டில் சாட்சிகளின் கதைகளை அடுக்கிப் படம் எடுத்திருக்கிறார்கள் என்றால், அந்த வடிவம் இருவருக்கும் முன்பே எங்கோ இருந்திருக்க வேண்டும்.

குரோசவாவின் மூலம் தெரிந்ததுதான்: ரியூனோசுகே அகுதாகவா 1922இல் எழுதிய, தோப்புக்குள் நடந்த ஒரு சாவைப் பற்றிய சிறுகதை. ஏழு வாக்குமூலங்கள் மட்டுமே அந்தக் கதை. கதைசொல்லி என்று ஒருவர் இல்லை. 'ரஷோமோன்' என்ற பெயரும் வாயிற்கோபுரமும் அவருடைய 1915ஆம் ஆண்டுக் கதையிலிருந்து வந்தவை. அகுதாகவாவுக்குச் சம்பவத்தைத் தந்தது 'கொஞ்ஜாகு மோனோகதாரி' என்ற பழைய ஜப்பானியக் கதைத்தொகுதி. அதில் கணவன் கட்டிப்போடப்படுகிறான், மனைவி சீரழிக்கப்படுகிறாள். ஆனால் யாரும் சாவதில்லை, முரண்படும் சாட்சிகளும் இல்லை. ஆக, சம்பவம் ஜப்பானியம், வடிவம் வேறிடத்துச் சரக்கு. அமெரிக்க எழுத்தாளர் ஆம்புரோஸ் பியர்ஸ் 1907இல் எழுதிய 'தி மூன்லிட் ரோட்' கதையில் ஒரு கொலையைப் பற்றி மூவர் பேசுகிறார்கள். கொல்லப்பட்டவளும் ஆவியுடன் பேசுபவர் வழியாகச் சாட்சி சொல்கிறாள். பியர்ஸை அகுதாகவா நன்றாகப் படித்தவர். அவருக்கும் முன்னால் ராபர்ட் பிரவுனிங் இருக்கிறார். 1860இல் ஃபிளாரன்ஸ் நகரச் சந்தையில் அவர் ஒரு பழைய கட்டை வாங்கினார். 1698இல் ரோமில் ஒரு பிரபு தன் மனைவியையும் அவளுடைய பெற்றோரையும் கொன்ற வழக்கின் ஆவணங்கள் அவை. அதிலிருந்து பிறந்ததுதான் 1868-69இல் வெளிவந்த 'தி ரிங் அண்ட் தி புக்'. கொன்றவன், சாகக்கிடக்கும் மனைவி, வக்கீல்கள், போப்பாண்டவர், ஊர்வாய் என்று ஒரே கொலையைப் பலர் சொல்லும் நெடுங்காவியம். என் தேடலில் இந்த இடம்தான் முக்கியமானது. இந்த வடிவம் ஒரு கலைஞனின் தலையில் உதித்ததல்ல. விசாரணை மன்றம் பெற்றுக் கொடுத்தது. சாட்சிகளைத் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்டு, சொன்னதை எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த நாளிலேயே 'ரஷோமோன்' படத்துக்கும் 'அந்த நாள்' படத்துக்கும் விதை விழுந்துவிட்டது.

இங்கே ஒரு மறுப்பு எழும். 1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா சென்னைக்கும் வந்தது. 'ரஷோமோன்' அந்த விழாப் படங்களில் ஒன்று. பாலசந்தர் அதைப் பார்த்து வியந்தவர் என்று சொல்லப்படுகிறதே, பிறகு எப்படி மறுக்க முடியும்? நான் மறுக்கவில்லை. எடுத்துப் பார்க்கலாம் என்ற துணிச்சலை ஒரு படம் தரலாம், எடுக்கும் முறையை வேறொரு மரபு தரலாம். திரைக்கதையை எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார்; படம் முழுக்க அந்த அதிகாரியின் கேள்விகளில்தான் நகர்கிறது. குரோசவா விசாரிப்பவரைக் காட்டவே இல்லை, அவர் குரலும் கேட்பதில்லை. சாட்சிகள் நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நாம், ஆனால் நம்மால் முடிவதில்லை. இது மேலோட்டமான வேறுபாடு அல்ல. விசாரித்தால் உண்மை வெளிப்படும் என்று ஒரு படம் நம்புகிறது. இன்னொன்று அந்த நம்பிக்கையையே கேள்வி கேட்கிறது.

'விருமாண்டி' என் வாதத்துக்குக் கடினமான சோதனை. அதில் ஒரே சம்பவங்களை முதலில் கொத்தாளத் தேவரும் பிறகு விருமாண்டியும் சிறைக்குள் நேர் எதிராகச் சொல்கிறார்கள். அன்னலட்சுமி ஒருவர் கதையில் விருமாண்டியால் கெடுக்கப்பட்டவள், மற்றவர் கதையில் அவனை விரும்பி மணந்தவள். இது 'ரஷோமோன்' முறைதானே? வெளித்தோற்றத்தில் ஆம். ஆனால் குரோசவாவின் படத்தில் நான்காவதாகப் பேசும் விறகுவெட்டிகூட குத்துவாளைத் திருடியதை மறைத்தவன். முழு நம்பிக்கைக்கு உரியவர் அங்கே எவரும் இல்லை. 'விருமாண்டி' அப்படி விடுவதில்லை. கொத்தாளத் தேவர் சொன்னது பொய், விருமாண்டி சொன்னது மெய் என்று படம் நமக்குத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அந்தத் தெளிவு படத்துக்குத் தேவை. பொய்ச்சாட்சியை நம்பி நீதிமன்றம் ஒருவனைத் தூக்குமேடைக்கு அனுப்பலாம் என்பது அதன் வழக்கு. உண்மை என்று ஒன்று இல்லாவிட்டால் அந்த வழக்கு நிற்காது. ஆகவே இதுவும் 'அந்த நாள்' படத்தின் பக்கத்து உறவுதான்.

வடிவம் எங்கிருந்து வந்தால் என்ன, படம் நன்றாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 'ரஷோமோன்' அளவுகோலை வைத்தால், முடிவில் உண்மையைச் சொல்லிவிடுவது 'அந்த நாள்' படத்தின் பலவீனமாகத் தெரியும். அதன் சொந்த மரபில் வைத்தால் அதுவே துணிவு. சுதந்திரம் வந்து ஏழே ஆண்டுகளான ஒரு நாட்டில், ராஜனாக நடித்த சிவாஜி கணேசனைத் தேசத்துரோகியாக நிறுத்தி, அவன் ஏன் அப்படி ஆனான் என்பதற்கும் காது கொடுத்து, அதன் பிறகும் அவன் செய்தது தவறு என்று தீர்ப்புச் சொன்ன படம் அது. காரணத்தைப் புரிந்துகொள்வதும் குற்றத்தைக் குற்றம் என்பதும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை என்று அது காட்டியது. 'தமிழ் ரஷோமோன்' என்று பாராட்டும்போது, அந்தப் படம் சொன்ன இதைத்தான் நாம் கேட்காமல் போகிறோம்.