277 பேரின் பெயர்கள்

மாதச் சாமான் வாங்கத் தாத்தா வேலூர் கிளம்பினால் நானும் ஒட்டிக்கொள்வேன். லாங் பஜாரில் மிளகாய் மண்டி நெடி மூக்கில் ஏறும். மூட்டை தூக்குகிறவர்கள் "ஓரம், ஓரம்" என்று இடித்துக்கொண்டு ஓடுவார்கள். அந்தக் கூட்டத்திலும் மணிக்கூண்டருகே வந்ததும் தாத்தா தோள்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வார். அங்கே பதித்திருந்த கல்லில் இங்கிலீஷ் எழுத்து இருந்தது. எனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த வயதில் ஒருநாள் நிறுத்தி, "படிடா" என்றார்.

இந்த ஊரிலிருந்து 1914–19 பெரும்போருக்கு 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தது.

"பேரு எதுனா கீதா பாரு."

"இல்ல தாத்தா."

"எங்க பெரிப்பா அதுல ஒருத்தருடா" என்றார். மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தவராம். பஸ்ராவுக்குக் கப்பல் ஏறியவர் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் முதல் உலகப்போருக்குப் 'பஸ்ரா சண்டை' என்றே பெயர். அந்தப் பஸ்ராவில் பிறகு எழுப்பிய நினைவுச் சின்னத்திலும் இந்தியப் படையினரில் அதிகாரிகளின் பெயரைத்தான் பொறித்தார்கள், சிப்பாய்களை எண்ணிக்கையாக மட்டும் குறித்தார்கள் என்று பெரியவனான பிறகு படித்தபோது எனக்கு நெஞ்சு கொதித்தது. இங்கேயும் எண், அங்கேயும் எண்.

தாத்தாவும் பட்டாளத்துக்காரர்தான். இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் லாரி ஓட்டியவர். அவருடைய தகர டிரங்குப் பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயின்டில் நம்பரும் பெயரும். திறந்தால் ரசகற்பூர வாசனை. முரட்டுக் கம்பளி, டிஸ்சார்ஜ் புத்தகம், பர்மா ஸ்டார் என்ற ஆறுமுனை மெடல், கோட்டுப் பொத்தான்கள். பொங்கலுக்கு முன்னால் பாட்டி அந்தப் பித்தளைப் பொத்தான்களையும் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்ப்பாள். மெஸ் டின்னை மட்டும் பெட்டிக்குள் விடமாட்டாள். வீட்டில் பருப்பு அளக்க அதுதான்.

எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட பெட்டி பல வீடுகளில் இருந்தது. பக்கத்துக் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார் என்பார்கள். 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் முகவரி போட்ட கடிதத்தைத் தபால்காரர் உரக்கப் பெயர் சொல்லிக் கொடுப்பார். தந்தி என்றால் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெதுவாக வருவார். டிசம்பர் 7 படைவீரர் கொடி நாளில் பள்ளிக்கூடத்தில் காகிதக் கொடியைச் சட்டையில் குத்திவிடுவார்கள். நான் அதைத் தாத்தாவிடம் காட்ட ஓடுவேன். அவர் என்னை நிமிர்ந்து நிற்கவைத்து சல்யூட் அடிப்பார்.

பழைய வீடுகளை இடித்துக் கட்டியபோது அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்காரரிடம் போயின. பேரீச்சம்பழத்துக்குப் போன பெட்டியோடு டிஸ்சார்ஜ் புத்தகமும் போனது. ஒரு மனிதர் எந்த ரெஜிமென்ட்டில், எந்த மலையில், எத்தனை வருஷம் நின்றார் என்பதற்கு அவர் குடும்பத்திடம் இருந்த ஒரே சாட்சி அதுதான்.

2019 பிப்ரவரி 25 அன்று டெல்லியில் திறந்த தேசியப் போர் நினைவகத்தில், சுதந்திரத்துக்குப் பின் உயிர் நீத்த 25,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்களைக் கருங்கல்லில் பொறித்திருக்கிறார்கள். செய்ய வேண்டிய காரியம், செய்தார்கள். ஆனால் சுதந்திரத்துக்கு முந்தைய போர்களுக்குப் போனவர்களும், உயிரோடு திரும்பி நம் தெருவில் கிழவர்களாகி இறந்தவர்களும் அதில் வரமாட்டார்கள். அவர்களை அந்தந்த ஊர்தான் நினைவில் வைக்க வேண்டும். பெரிய கட்டடம் தேவையில்லை. மூடிக் கிடக்கும் பழைய பள்ளி அறை ஒன்று போதும். சுவரில் போனவர்கள், திரும்பியவர்கள் எல்லார் பெயரும். கண்ணாடிப் பெட்டியில் மெடலும் கடிதமும். 1965-லும் 1971-லும் சண்டை பார்த்தவர்களில் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்கள் குரலைப் பதிவு செய்ய இப்போதே உட்கார வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு பெட்டி இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். போட்டோவின் பின்னால் பெயர், நம்பர், ரெஜிமென்ட் எழுதி வையுங்கள். வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து, ஊரின் படைவீரர்களுக்கு ஓர் அறை கேளுங்கள்.